அவசரத்தில் வாங்கிய வேலை, ஆறப்போட்ட பில்

புயல் சாய்த்ததை நிமிர்த்திக் கொடுத்தவருக்குப் பணம் தர வேண்டியவர் யார்? எந்தத் தேதிக்குள்? குமரி மாவட்டத்தில் இதைக் கேட்டால் அலுவலகத்தில் ஒரு பதில் கிடைக்கும். தணிக்கைத் தரப்பு வேறொன்று சொல்லும். வழக்கறிஞர் சட்டப் பிரிவுகளை எடுத்து வைப்பார். காண்டிராக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது இவை எதிலும் சேராது. ஒவ்வொன்றிலும் உண்மை உண்டு. ஆனால் உற்றுப் பார்த்தால் எல்லாமே கேள்வியின் முதல் பாதியைத்தான் எடுத்துக்கொள்கின்றன. தேதி பற்றிய இரண்டாம் பாதி நழுவிப் போகிறது. அந்தப் பதில்கள் எங்கிருந்து வந்தன, எங்கே தளர்கின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

ஒக்கியும் அதற்குப் பின்னும்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குத் தெற்கே கடல் வழியாகக் கடந்து போனது. கடலுக்குப் போன மீனவர்களின் இழப்பே அன்றைய பெருந்துயரம். அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. கரையில் நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. ரப்பரும் வாழையும் தென்னையும் சரிந்தன. ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் விழுந்தன. சில உள்கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. வெளிமாவட்ட மின் ஊழியர்கள் வந்து இறங்கினார்கள். ஜே.சி.பி., கிரேன், லாரி, மரம் அறுக்கும் இயந்திரம் வைத்திருந்த உள்ளூர் ஆட்களும் களத்தில் இறக்கப்பட்டார்கள்.

2021 நவம்பர் மழையில் குளக்கரைகளும் கால்வாய்களும் உடைந்தன. நாகர்கோவில் - திருவனந்தபுரம் ரயில் பாதையில் மண் சரிந்தது. 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் தூத்துக்குடியும் நெல்லையும் மூழ்கியபோது குமரியும் தப்பவில்லை. ஏறக்குறைய ஆறு ஆண்டுகளுக்குள் இதே கேள்வி மூன்று முறை எழுந்திருக்கிறது.

இந்த மாவட்டத்தில் அது கூடுதலாகச் சிக்கலாவதற்கு நிர்வாக அமைப்பும் ஒரு காரணம். 95 ஊராட்சிகள், ஐம்பதுக்கு மேற்பட்ட பேரூராட்சிகள், நகராட்சிகள், நாகர்கோவில் மாநகராட்சி என்று சிறு பரப்பில் நெருக்கமாக அடுக்கிய அமைப்பு இது. உடைந்த கால்வாய் நீர்வளத் துறையுடையது. அதை ஒட்டிய சாலை பேரூராட்சியுடையது. அதில் விழுந்து கிடக்கும் கம்பம் மின்வாரியத்துடையது. ஒரே இயந்திரம் ஒரே காலையில் மூன்றையும் சரிசெய்துவிடலாம். பில் மூன்று அலுவலகங்களுக்குப் போக வேண்டும்.

பில் நடக்கும் பாதை

சாதாரணக் காலத்தில் பொதுப்பணி ஒன்றின் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: எஸ்டிமேட், நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி ஆணை, வேலை, எம்.புக் என்ற அளவுப் பதிவேட்டில் அளவு, மேலதிகாரியின் சரிபார்ப்பு, பில், நிதி விடுவிப்பு, பட்டுவாடா. புயல் நாளில் இந்த வரிசை தலைகீழாகிறது. முதலில் வேலை, பிறகு மற்றதெல்லாம். உதவிப் பொறியாளர் போனில் சொன்னால் போதும், இயந்திரம் கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால் ஊர் சும்மா விடாது.

சிக்கல் எம்.புக்கில் தொடங்குகிறது. அந்தப் பதிவேடு நீளம், அகலம், ஆழம் கேட்கிறது. சாலையில் விழுந்த அயனி மரத்தைக் காலையில் அறுத்து அப்புறப்படுத்தினால் மாலையில் அளக்க எதுவும் மிச்சமில்லை. குளத்து உடைப்பில் போட்ட மணல் மூட்டைகளை அடுத்த வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருக்கும். சகதி அள்ளியதற்குச் சாட்சி சுத்தமான சாலைதான். இயந்திரம் ஓடிய மணிக்கணக்குச் சீட்டும் சில புகைப்படங்களும் ஊராரின் வாய்மொழியுமே ஆதாரம். கட்டடம் கட்டியவர் கட்டடத்தைக் காட்டிப் பணம் கேட்கலாம். அகற்றும் வேலை செய்தவரோ, வேலையை எவ்வளவு நன்றாகச் செய்தாரோ அவ்வளவுக்குத் தன் ஆதாரத்தைத் தானே அழித்திருப்பார். நிலுவை பற்றிய விவாதங்களில் இந்த எளிய உண்மைக்கு உரிய இடம் கிடைப்பதில்லை.

பழைய பதில்: கூலி என்ற பேச்சே இல்லை

இந்தக் கேள்விக்கு இம்மண்ணில் கிடைத்த மிகப் பழைய பதில், கேள்வியையே மறுத்தது. திருவிதாங்கூர் ஆட்சியில் அரசுக்கும் கோயிலுக்கும் வேண்டிய வேலைகளை ஒடுக்கப்பட்ட சாதியினரிடம் கூலி இல்லாமல் வாங்கிய ஊழிய முறை இருந்தது. சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் எழுப்பிய எதிர்ப்பில் இந்த ஊழியமும் ஒரு பொருள். ஆரல்வாய்மொழிக்கு அப்பால், சென்னை மாகாணத்தில், 1858ஆம் ஆண்டின் முதலாவது சட்டம் ஏரிக்கரை உடையும் ஆபத்தில் ஊராரைக் கட்டாயமாக வேலைக்கு அழைக்கும் அதிகாரத்தைத் தந்தது. இரண்டு ஏற்பாடுகளுக்கும் வேறுபாடு நிறைய உண்டு. ஆனால் அவசரம் என்றால் உழைப்பு முதலில் வந்து சேர வேண்டும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

ஒப்பந்த முறை வந்தபோது இந்த எண்ணம் மறைந்திருக்க வேண்டும். விலை பேசி, எழுதி வைத்து, அளந்து கொடுப்பதுதான் அதன் அடிப்படை. 1956 நவம்பர் 1 அன்று குமரி தமிழகத்தோடு இணைந்தபோது அலுவலக முறையும் மாறியது. ஆனாலும் புயல் நாட்களில் வேலை வாங்கும் விதத்தில் பழைய எண்ணத்தின் சாயல் தெரிகிறது என்று சொன்னால் அது மிகையாகாது. கூலி மறுக்கப்படுவதில்லை, தள்ளிப்போகிறது. ஊழியத்தோடு இதை ஒப்பிடுவது வரலாற்றுக்கு நியாயமாகாது. ஒருவர் சாதியால் கட்டுண்டவர், மற்றவர் லாபம் கருதி வந்தவர். ஒற்றுமை அவசரத்தின் தர்க்கத்தில் மட்டுமே.

“நிதி வரவில்லை”

அலுவலகங்களில் அதிகம் கேட்கும் பதில் இது. இதற்குப் பின்னால் மெய்யான கணக்கு ஒன்று இருக்கிறது. மாநிலப் பேரிடர் நிவாரண நிதி, புயலுக்கு முன் இருந்த நிலைக்குக் கொண்டுவருவதற்கான முழுச் செலவைத் தருவதில்லை. உடனடிப் பழுதுபார்ப்புக்கு மட்டும், அதுவும் அலகுக்கு இவ்வளவு என்று தருகிறது. 2015-20 காலத்து விதிமுறைப்படி மாநில நெடுஞ்சாலைக்கும் மாவட்ட முக்கியச் சாலைக்கும் கிலோமீட்டருக்கு ₹1 லட்சம், கிராமச் சாலைக்கு ₹60,000, மின்கம்பம் ஒன்றுக்கு ₹4,000. வேலையை ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்ற கால அளவும் அதில் இருந்தது. வேலைக்குக் கெடு உண்டு. வேலை செய்தவருக்குப் பணம் கொடுக்க அதைப் போன்ற கெடு எதுவும் அந்த அட்டவணையில் இல்லை.

கிலோமீட்டருக்கு ₹60,000 என்பது பள்ளம் அடைக்கக் காணும். அரித்துப்போன சாலையோரச் சுவரைக் கட்டக் காணாது. மிச்சத்தை மாநிலமோ உள்ளாட்சியோ தேட வேண்டும். 15ஆவது நிதிக் குழு 2021-26 காலத்துக்கு மீட்பு, மறுகட்டமைப்பு என்று தனிப் பகுதியை ஒதுக்கி, பேரிடர் நிதியில் 30 விழுக்காட்டை அதற்குக் காட்டியது. பழைய விதிமுறையில் ஓட்டை இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

மத்திய - மாநிலத் தகராறு இதன் மேல் அடுக்கு. 2023 டிசம்பர்ப் புயலுக்கும் வெள்ளத்துக்குமாக ₹37,000 கோடிக்கு மேல் கேட்டுத் தமிழக அரசு 2024இல் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. அந்த ஏப்ரலில் மத்திய அரசு விடுவித்தது சுமார் ₹276 கோடி. கேட்டது கூடுதலா கொடுத்தது குறைவா என்பது இங்கே பொருளில்லை. இவ்வளவு பெரிய இடைவெளி மேலே நிற்கும்போது, அதன் அடியில் இருக்கும் பேரூராட்சி எழுத்தர் “நிதி வரவில்லை” என்று சொல்வதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது.

உள்ளாட்சிக் கணக்கில் இன்னொரு கண்ணியும் உண்டு. 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை. குமரியில் ஊரக அமைப்புகளுக்கு 2019 டிசம்பரிலும் நகர்ப்புற அமைப்புகளுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்பதைக் காட்டி மத்திய மானியங்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதாவது ஒக்கி அடித்தபோது ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் தனி அலுவலர்களே பொறுப்பில் இருந்தார்கள். 2021 நவம்பர் மழையின்போதும் பேரூராட்சிகளில் நிலைமை அதுதான். மாறுதலாகிப் போகும் அதிகாரி வாங்கிய வேலைக்கு, பின்னால் வரும் மன்றம் தீர்மானம் போட வேண்டும். புதிய தலைவருக்குப் பழைய கடனில் என்ன ஆர்வம் இருக்கும்?

இருந்தாலும் இந்தப் பதில் முழுமையானதல்ல. ஒரே அலுவலகத்தில், ஒரே தலைப்பில், ஒரே மாதத்தில் ஒருவர் பில் பாஸாகி இன்னொருவர் பில் கிடக்கும் என்றால் நிதிப் பற்றாக்குறை அதை விளக்காது. இருக்கும் நிதி எந்த வரிசையில் போகிறது என்பது வேறு கேள்வி.

“காகிதம் இல்லை”

தணிக்கையின் நிலைப்பாடு கடுமையானது, ஆனால் அற்பமானதல்ல. அரசின் பெயரில் ஒப்பந்தம் செய்ய அரசியலமைப்பின் 299ஆவது கூறு முறை வகுத்திருக்கிறது. ஆளுநர் பெயரில், அதிகாரம் பெற்றவர் கையெழுத்தில், உரிய வடிவில் இருக்க வேண்டும். உள்ளாட்சிச் சட்டங்களிலும் இதற்கு இணையான கட்டுப்பாடுகள் உண்டு. பொதுப்பணத்தை யார் வேண்டுமானாலும் வாயால் கடனாக்கிவிடக் கூடாது என்பதே நோக்கம். புயல் நாள் போலிப் பில்லுக்கும் நல்ல நாள்தான். விழாத மரத்துக்கும் ஓடாத ஜே.சி.பி.க்கும் பணம் கேட்கப்படலாம் என்று தணிக்கையாளர் சந்தேகப்பட்டால் அதற்குக் காரணம் உண்டு.

அப்படியானால் வாய்மொழி உத்தரவை நம்பி வேலை செய்தவர் கதி என்ன? இதற்கு நம் சட்டத்தில் புகழ்பெற்ற விடை உண்டு. 1944இல், வங்கப் பஞ்சத்தின் அடிச்சுவடு மறையாத நேரம், குடிமைப் பொருள் வழங்கல் துறை அதிகாரிகள் ஒரு நிறுவனத்திடம் அவசரமாகக் கொட்டகைகளும் துணைக் கட்டடங்களும் கட்டச் சொன்னார்கள். கட்டி முடித்து, துறையும் பயன்படுத்திக்கொண்டது. முறையான ஒப்பந்தம் இல்லை. கேட்ட தொகை ₹19,325. பி.கே. மண்டல் வழக்கு என்று அறியப்படும் அதில் 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் செல்லாது, ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவுப்படி, இலவசமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் சட்டபூர்வமாகச் செய்த வேலையின் பயனை மற்றவர் அனுபவித்தால் அவர் ஈடு கொடுத்தாக வேண்டும் என்றது. அந்தக் கோட்பாடு இன்றும் நிற்கிறது.

காண்டிராக்டர் தரப்பு இந்தத் தீர்ப்பை வெற்றியாக எடுத்துக் காட்டுவது வழக்கம். அதில் உள்ள ஆண்டுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1944இல் செய்த வேலைக்கு 1961இல்தான் இறுதி விடை வந்தது. மேலும் 70ஆவது பிரிவு தருவது ஒப்புக்கொண்ட விலையை அன்று, பெற்ற பயனுக்கு ஈட்டை. பயனின் அளவை நிரூபிக்கும் சுமை மறுபடியும் வேலை செய்தவர் தலையில்தான் விழுகிறது. அறுத்து அகற்றிய மரத்தின் கதைக்கே திரும்பி வருகிறோம்.

அவசரத்துக்காகச் சட்டம் தனியே எதுவும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கிறது. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இயற்கைப் பேரிடர்க் காலக் கொள்முதலுக்கு விலக்கு தருகிறது. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 50ஆவது பிரிவு ஒரு படி மேலே போகிறது. அவசரக் கொள்முதலில் டெண்டர் நடைமுறை கைவிடப்பட்டதாகவே கொள்ளப்படும். பொறுப்பு அதிகாரி தரும் பயன்பாட்டுச் சான்றே கணக்குக்குச் செல்லுபடியாகும் வவுச்சர் ஆகும் என்கிறது அது. பேச்சில் வழங்கும் “காகிதம் இல்லை” என்ற பதிலுக்கு இதைவிட நேரான மறுமொழி கிடையாது.

ஆனாலும் இந்தப் பிரிவு மீட்புக்கும் நிவாரணத்துக்கும் உரியது. சாலையில் விழுந்த மரத்தை அகற்றுவது மீட்பு. அரித்த சாலையை நிரப்புவது? உடைந்த மதகைத் திரும்பக் கட்டுவது? எங்கே மீட்பு முடிந்து சீரமைப்பு தொடங்குகிறது என்ற கோட்டை அந்தந்த அதிகாரியே போட வேண்டும். நாளைய தணிக்கைக் குறிப்புக்கு அஞ்சும் எவரும் அதை இறுக்கமாகத்தான் போடுவார்கள். இன்னொன்று: வவுச்சர் கணக்கை முடிக்கும், பட்டுவாடா தேதியைக் குறிக்காது. பேரிடர்ச் சட்டங்கள் வேலை வாங்கும் வாசலை அகலத் திறந்து வைத்தன. பணம் கொடுக்கும் வாசலை அவை பெரும்பாலும் இருந்தபடியே விட்டுவிட்டன. எனக்குத் தோன்றுகிறபடி, இத்தனை பதில்களுக்கும் அடியில் இருக்கும் முடிச்சு இதுதான்.

கமிஷன் என்ற விளக்கம்

காண்டிராக்டர்கள் வெளியில் சொல்லத் தயங்கியும் தங்களுக்குள் தயங்காமலும் சொல்லும் காரணம் இது. 2021இல் கர்நாடக ஒப்பந்தக்காரர் சங்கம் பிரதமருக்கு எழுதிய கடிதத்தில் 40 விழுக்காடு கமிஷன் கேட்கப்படுவதாகக் குற்றஞ்சாட்டியது; அது அம்மாநில அரசியலையே கலக்கியது. அவ்வளவு வெளிப்படையான ஆவணம் மற்ற இடங்களில் அரிது. ஒன்று மட்டும் சொல்லலாம்: கமிஷன், வரிசையில் யார் முன்னே போகிறார் என்பதை விளக்கக்கூடும். வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்பதை அது தனியாக விளக்காது. நேர்மாறாக, நீண்ட வரிசைதான் கமிஷனுக்கு இடம் தருகிறது என்றும் வாதிடலாம். இரண்டில் எது காரணம், எது விளைவு என்று தீர்ப்புச் சொல்லும் அளவுக்குச் சான்று நம்மிடம் இல்லை.

“குறை காண்டிராக்டரிடம்தான்”

பொறியாளர் வட்டாரத்தில் வேறொரு பேச்சு உண்டு. காண்டிராக்டர் மதிப்பீட்டுக்குக் கீழே விலை போட்டு வேலையை எடுக்கிறார், சப் காண்டிராக்டருக்குத் தள்ளிவிடுகிறார், கணக்கு எழுதுவதில்லை, பில்லை ஒழுங்காகப் போடுவதில்லை, தரம் குறைந்தால் பணம் நிற்கத்தானே செய்யும்? இதில் ஒரு பகுதி நியாயம். சிறு காண்டிராக்டர்களில் பலருக்கு எழுத்து வேலைக்கு ஆள் கிடையாது. ஆனால் தரக்குறைவு என்றால் அதை எழுதி, உரிய தொகையைக் கழித்து, மீதியைக் கொடுக்க விதி இருக்கிறது. குறையும் எழுதாமல் பணமும் தராமல் பில்லை வைத்திருப்பதற்கு இந்த வாதம் பதிலாகாது.

முதலீட்டுப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஜல்லியும் எம்-சாண்டும் டீசலும் ரொக்கம் கேட்கும். கூலியை வாரக் கடைசியில் கொடுத்தாக வேண்டும். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம், காண்டிராக்டர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர் கொடுத்துவிட்டுப் பின்னர் பிடித்துக்கொள்ளலாம் என்றது. தொழிலாளிக்கு அந்த வழி இருந்தது; காண்டிராக்டருக்கு மேலே அப்படி எவரும் இல்லை. இடையில் ஜி.எஸ்.டி. வந்தது 2017 ஜூலை 1 அன்று, ஒக்கிக்கு ஐந்து மாதம் முன்பு. அரசுப் பணிகளுக்கான வரி 2022 ஜூலை 18 முதல் 12இல் இருந்து 18 விழுக்காடு ஆனது. பில் போட்டுவிட்டால், பணம் வராவிட்டாலும் வரிக் கடமை பிறந்துவிடும். வராத பணத்துக்கு வட்டிக்கு வாங்கி வரி கட்டுவது இந்தத் தொழிலில் புதுமையல்ல.

சட்டத்தில் வழி உண்டா?

வழக்கறிஞரின் பதில் நம்பிக்கையூட்டுவது, வழிகள் பல. எண்ணிக்கை கூடக் கூட ஏன் ஒன்றும் போதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

முதல் வழி சிவில் வழக்கு. அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு. செய்த வேலைக்கான தொகையைக் கேட்க, வேலை முடிந்ததிலிருந்து மூன்றாண்டு கால வரம்பு. 2017 டிசம்பரில் முடித்த வேலைக்கு அது 2020 டிசம்பரில் முடிந்திருக்கும். கொரோனாவுக்காக 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்தை உச்ச நீதிமன்றம் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றதால் சிலருக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. கடனை ஒப்புக்கொண்டு அலுவலகம் எழுதிய ஒரு கடிதம், வரம்பு முடியும் முன் கிடைத்தால், காலத்தைப் புதிதாகத் தொடங்கி வைக்கும். “பரிசீலனையில் உள்ளது” என்ற கடிதம் ஒப்புதலாகுமா என்பது வாசகத்தைப் பொறுத்தது. அலுவலகங்கள் அந்த வாசகத்தைத் தேர்ந்தெடுப்பது தற்செயல் என்று நம்புவது கடினம்.

இரண்டாவது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு. 2004 முதல் குமரிக்காரர்களுக்குச் சென்னை வரை போகும் அலைச்சல் இல்லை. ஒப்பந்தப் பணத்துக்கு ரிட் செல்லாது என்ற நிலைப்பாட்டை, கேரள மின்வாரியம் தொடர்பான வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் எடுத்தது. 2003 டிசம்பரில் ஏ.பி.எல். இன்டர்நேஷனல் வழக்கில், உண்மைகளில் தகராறு இல்லாத இடத்தில் அரசு நியாயமற்று நடந்தால் ரிட் செல்லும் என்றது. நடைமுறையில் இது ஒப்புக்கொண்ட பில்லுக்கு உதவும். ஒப்புக்கொள்ளாத பில்லுக்கு உதவாது. ஒப்புக்கொள்ளாமலேயே வைத்திருப்பது அலுவலகத்துக்கு வசதியாகிவிடுகிறது.

மூன்றாவது, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம். தாளில் இதுதான் கூர்மையானது: 45 நாளுக்குள் பணம், தவறினால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி, 90 நாளில் தீர்வு, தீர்ப்பை எதிர்ப்பவர் 75 விழுக்காட்டை முதலில் கட்ட வேண்டும். ஆனால் பொருளும் சேவையும் கலந்த பணி ஒப்பந்தம் இந்தச் சட்டத்துக்குள் வருமா என்பதில் உயர் நீதிமன்றங்கள் ஒருமனதாக இல்லை. வராது என்று சொன்ன தீர்ப்புகள் உண்டு. பதிவு எப்போது செய்திருக்க வேண்டும் என்பதும் வழக்குக்கு வழக்கு விவாதமாகிறது. 45 நாள் தாண்டினால் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது என்று 2023இல் வந்த திருத்தம் தனியார் நிறுவனங்களை உலுக்கியது. வருமான வரியே கட்டாத ஊராட்சிக்கு அதனால் என்ன நடுக்கம்?

நடுவர் தீர்ப்பு நான்காவது. பல மாநில அரசு ஒப்பந்தங்களில் அந்த விதியே கிடையாது. வாய்மொழி வேலைக்கு விதி இருக்கவே வழியில்லை. தாமதத்துக்கு வட்டி இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் நடுவரும் வட்டி தர இயலாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. மத்திய அரசின் நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில், பில் கொடுத்த 10 வேலை நாளுக்குள் 75 விழுக்காட்டை விடுவிக்க வேண்டும் என்று வழிகாட்டியது. நல்ல விதி, மத்தியத் துறைகளுக்கானது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, சட்டப் புத்தகத்தில் வராத ஒரு தடை: வழக்குப் போட்ட அலுவலகத்தில்தான் அடுத்த டெண்டரும் போட வேண்டும்.

வீட்டுக்கூரை வேலை

தனியார் வீடுகளில் நிலைமை வேறு. ஓடு பறந்த வீட்டுக்கு நிவாரணமாக, ஓரளவு சேதமடைந்த கல்வீட்டுக்கு அன்றைய விதிமுறை கொடுத்தது ₹5,200. அதை நம்பி ஷீட் போட்ட கொத்தனாருக்கு மீதியை வீட்டுக்காரர் எங்கிருந்து கொடுப்பார்? வீட்டுக் காப்பீடு பரவலாக இல்லாத ஊரில் சேதத்தின் பாரம் கடைசியில் பழுதுபார்த்தவர் மீது கடனாக இறங்குகிறது. எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் விரைவு வழக்கு முறையும் கைகொடுக்காது. கட்டணம் இல்லாத மக்கள் நீதிமன்றமே நடைமுறை வழி. அங்கேயும் இருவரும் சம்மதிக்க வேண்டும்.

வெளியே கண்ட மாதிரிகள்

அமெரிக்காவில் 1791இல் மேரிலாந்து தொடங்கி வைத்த சட்டம், கட்டியவருக்குக் கட்டடத்தின் மீதே பற்றுரிமை தந்தது. நம் ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு அத்தகைய உரிமையைக் கையில் இருக்கும் பொருளுக்கு மட்டும் தருகிறது; கூரைக்குத் தருவதில்லை. புளோரிடாவில் புயல் பழுது பார்ப்பவர்கள் வீட்டுக்காரரின் காப்பீட்டு உரிமையைத் தங்கள் பெயருக்கு எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. வழக்குகள் பெருகி, 2023 முதல் வழங்கும் பாலிசிகளுக்கு அது ஒழிக்கப்பட்டது. பணம் வசூலிக்கும் உரிமையைக் கூர்மையாக்கினால் துஷ்பிரயோகமும் கூடவே வரும் என்பதற்கு இது எச்சரிக்கை.

பிரிட்டனின் 1996 சட்டம் வேறு பாதை. “எனக்கு வந்தால் உனக்கு” என்ற விதியைத் தடுத்தது. 28 நாளில் இடைக்காலத் தீர்ப்பு, முதலில் பணம், பிறகு வழக்கு என்றது. 2004இல் சிங்கப்பூரும் 2012இல் மலேசியாவும் இதன் வழியில் சட்டம் இயற்றின. இந்தியச் சூழலுக்கு இதுவே பொருந்தும் என்று சொல்பவர்கள் பலர். மலேசியா பின்னர் செய்ததையும் அவர்கள் பார்க்க வேண்டும்: 2014இன் விலக்கு ஆணை, அவசர, எதிர்பாரா நிலையில் அரசு செய்விக்கும் சில பணிகளை இந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து எடுத்துவிட்டது, வெள்ளமும் நிலச்சரிவும் அந்த அவசரத்தில் அடங்கும். வேகமாகப் பணம் தரச் சொன்ன சட்டத்திலும் பேரிடர் வேலைக்குப் பின்வாசல் இருந்திருக்கிறது. எல்லைக்கு அப்பால் கேரளம், பில்லை வங்கியில் கழித்துக்கொள்ளும் ஏற்பாட்டை முயன்றது. பணம் முன்னதாக வரும். கழிவை யார் சுமப்பது என்ற கேள்வி மிஞ்சும்.

தீர்ந்ததும் தீராததும்

சில விஷயங்களை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். வேலை நடந்து பயன் கிடைத்திருந்தால் பணம் தர வேண்டும் என்பதில் 1961க்குப் பின் சட்டத்தில் ஐயமில்லை. நிதிப் பற்றாக்குறை உண்மையான காரணம். ஒரே காரணம் அல்ல. காகிதக் குறையை அவசரக் கட்டத்தில் ஈடுசெய்யச் சட்டத்திலேயே கருவி இருக்கிறது. அதன் எல்லைதான் தெளிவில்லை.

தீராதவற்றில் முதலாவது அந்த எல்லை. 50ஆவது பிரிவின் சான்று உடனடிப் பழுதுபார்ப்பையும் தழுவுமா என்பதை நீதிமன்றமோ அரசாணையோ தெளிவாக்கினால் நிலுவையில் கணிசமான பகுதி குறையக்கூடும். குறையும் என்று அடித்துச் சொல்ல முடியாது. போலிப் பில்லும் அதே வழியில் நுழையும். அகற்றும் வேலைக்கு எம்.புக்குக்கு மாற்றாக எதை ஏற்பது என்பது இரண்டாவது. நேரமும் இடமும் பதிந்த படங்கள், இயந்திரத்தில் பொருத்திய கண்காணிப்புக் கருவியின் பதிவு ஆகியவற்றைத் தணிக்கை ஏற்குமானால் பழைய முடிச்சு ஒன்று அவிழலாம். பணி ஒப்பந்தத்துக்கு 2006 சட்டம் பொருந்துமா என்பது மூன்றாவது. நாடாளுமன்றம் ஒரு வரித் திருத்தத்தில் தீர்க்கக்கூடியது, ஆனால் மாநில அரசுகளின் கருவூலத்தைத் தொடுவது.

2025 ஜனவரி 5 அன்று குமரி உள்ளிட்ட மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். ஒக்கியின்போது ஊராட்சிகள் இருந்த நிலை இதுதான். ஒரு தனி அலுவலர் வாங்கும் அவசர வேலையின் கடன், அவருக்குப் பின் வரும் மன்றத்தை எந்தத் தேதி முதல், எந்த ஆவணத்தின் பேரில் கட்டுப்படுத்தும் என்பதற்கு எழுத்தில் ஒரு விடை வேண்டியிருக்கிறது.